'ஆமா'ன்னு அந்த ஆன்ட்டி போட்ட ரிப்ளை – வாட்ஸ்அப் பாட் செஞ்சவங்க அனுபவம் சொல்லுங்க

சிப்புட் பையன்

கேஸ் கடை ஒண்ணுக்கு பாட் செஞ்சோம், தானா பதில் போடற புரோகிராம், வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா தோங், அதான் கேஸ் சிலிண்டர், வீட்டுக்கு வரும். இன்டென்ட், அதாவது ஆளு எதுக்கு எழுதறாங்கன்னு பாட் பிரிக்கிற வகை, கொஞ்சம்தான்: ஆர்டர், விலை, எப்ப வரும், கேன்சல், கடை தொறந்திருக்கா. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் சனங்க எழுதறது தெரியும்ல, இங்கிலீஷ் எழுத்துல தமிழ், நடுவுல மலாய். 'கேஸ் அபிஸ்லா' (முடிஞ்சிருச்சு), 'ஒரு தோங் ஹந்தார் பண்ணுங்க' (அனுப்புங்க), 'அண்ணே சமையல் பாதியில நிக்குது'. கடையோட பழைய சாட்ட வச்சே டிரெய்ன் பண்ணோம், நல்லாவே புரிஞ்சிக்கிச்சு.

ஒரு நாள் ராத்திரி எஸ்டேட் பக்கம் இருந்து ஒரு ஆன்ட்டி, 'தம்பி வீடு பூரா கேஸ் வாசம் வருது'. அதுக்கு பாட், 'சரிங்க, 14 கிலோ தோங் 1, விலை 26 வெள்ளி 60 காசு, கூலி தனி. காலையில வந்துரும். அட்ரஸ் பழசுதானே?' ஆன்ட்டி 'ஆமா'ன்னு போட்டிருக்காங்க. யாரோ தம்பி வரப்போறான்னு நம்பிட்டாங்க. அந்த 'ஆமா' இன்னும் என் மனச விட்டுப் போகல.

நல்லவேளை எல்லா சாட்டும் கடைக்கார அண்ணன் போனுக்கும் வரும். அவரு பாத்துட்டு உடனே கூப்பிட்டு, தோங் தலைய மூடுங்க, கதவு ஜன்னலத் தொறங்க, சுவிட்ச் எதையும் தொடாதீங்க, எல்லாரும் வெளிய வாங்கன்னு சொல்லிட்டு மோட்டோவ எடுத்துக்கிட்டு போயிட்டாரு. ரப்பர் டியூப்புல வெடிப்பு விழுந்திருந்துச்சு.

லாக்ல, அதான் பாட் பதிவுல பாத்தா, இது ஆர்டர்தான்னு மாடல் 0.96 மார்க் குடுத்திருக்கு. கேஸ், தம்பி, வீடு எல்லாமே ஆர்டர் சாம்பிள்ல நிறைய வர்ற சொல்லு. மாடல் என்ன பண்ணுது, நாம குடுத்த இன்டென்ட்டுங்களுக்குள்ளயே 1-ஐப் பங்கு போடுது, ஆபத்துன்னு ஒரு பங்கே அங்க கிடையாது, அப்ப 0.96-னா மத்ததவிட ஆர்டர் மாதிரி இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், புரிஞ்சிருச்சுன்னு அர்த்தமே இல்ல. இப்ப வாசம், நாத்தம், மலாய்ல பாவு (நாத்தம்), போச்சோர் (ஒழுகுது)னு என்ன வந்தாலும் மாடல் கிட்டயே போகாது, நேரா அண்ணன் போன் அடிக்கும், ஆன்ட்டிக்கு 999 அவசர நம்பரும் போகும்.

கோயில் கமிட்டி ஆளு

எனக்கு வேற மாதிரி தம்பி. டெலிகிராம் பாட், ஆடித் திருவிழாவுக்கு. பசங்க இங்கிலீஷ் எழுத்துல கண்டபடி எழுதினதெல்லாம் அதுக்குப் புரிஞ்சுது. தமிழ்ப்பள்ளியில இருந்து ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருத்தர் சுத்தமா தமிழ் எழுத்துல 'திருவிழா தேதி என்ன?'ன்னு கேட்டிருக்காரு, 'புரியவில்லை'ன்னு பதில் போயிருக்கு. அவரு விடல, 'ஐயா, திருவிழா தேதி என்ன?'ன்னு மறுபடி மரியாதையா கேட்டிருக்காரு. மறுபடி 'புரியவில்லை'.

நோண்டிப் பாத்தா, பைத்தான்ல சொல்லப் பிரிக்கிற டீபால்ட் ரெகெக்ஸ் (எழுத்துத் தேடற விதி) நம்ம புள்ளியையும் காலு கொம்பையும் எழுத்தாவே எடுத்துக்கிறதில்ல, அங்கங்க வெட்டிருது. சொல்ல எண்ணிக் குடுக்கற கவுண்ட்வெக்டரைசர் அதுக்கு மேல ஒரே எழுத்தா நிக்கிறத எல்லாம் தூக்கிப் போட்டுரும். அப்ப திருவிழா மொத்தமா காணோம், தேதியும் காணோம், 'என்ன'ல 'என' மட்டும் மிச்சம். காவடின்னு போட்டா 'வட'ன்னு நிக்கிது! ஸ்பேஸ வச்சு மட்டும் பிரிக்க வச்சு, கூடவே கேரக்டர் என்-கிராமும் (சொல்ல சின்னச் சின்ன எழுத்துத் துண்டா எடுக்கறது) போட்டப்புறம் சரியாச்சு. வாத்தியார்தான் அதுக்கப்புறம் பாட் பக்கமே வரல, கமிட்டிக்கு போன் அடிச்சுக் கேக்கறாரு.

மோட்டோ கடை

கேஸ் கடைக்கு எதுக்கு ப்ரோ என்.எல்.யு. (எழுதினத படிச்சு அர்த்தம் புரிஞ்சிக்கிறது)? என் கடைக்கு நானும் வச்சேன், ஒருத்தர் 'வண்டி செத்துப்போச்சு'ன்னு எழுதினாரு, பாட் அனுதாபம் சொல்லிச்சு, அன்னிக்கே தூக்கிட்டேன். பட்டன் வைங்க. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜுக்கு ரிப்ளை பட்டன் 3 வைக்கலாம், பத்தலன்னா லிஸ்ட்ல 10 வரி வரும், கேஸ் கடைக்கு அதுக்கு மேல என்ன வேணும்? கஸ்டமர் கடைசியா எழுதி 24 மணி நேரம் தாண்டிட்டா வாட்ஸ்அப் அப்ரூவ் பண்ண டெம்ப்ளேட் (ரெடிமேட் மெசேஜ்)தான் அனுப்ப முடியும், அத முன்னாடியே எழுதி வாங்கி வச்சிருங்க, இல்லன்னா 'தோங் வருது'ன்னு கூட சொல்ல முடியாது. என்.எல்.யு.தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா சம்பந்தமில்லாத மெசேஜ எல்லாம் சேத்து தனி இன்டென்ட்டா டிரெய்ன் பண்ணுங்க. ஃபால்பேக் நம்பர (மார்க் இதுக்குக் கீழ போனா 'புரியல'ன்னு சொல்ற அளவு) மட்டும் ஏத்திப் பிரயோசனம் இல்ல, 0.96-க்கு எந்த ஃபால்பேக் வந்து நிக்கும்? வாரம் ஒருக்கா லாக்க உக்காந்து படிங்க, கடைக்காரரையும் கூட வச்சுக்கிட்டு படிங்க, சனங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு அவருக்குத்தான் தெரியும்.

வேன் பாட் செஞ்சவன்

மோட்டோ கடை அண்ணே, கோவிச்சுக்காதீங்க, காலையில எஸ்டேட் பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்கறது) ஓடுற நேரத்துல யாரு பட்டன் அமுக்குவா? எல்லாம் வாய்ஸ்தான். ஸ்கூல் வேன் ஓட்டுற அக்காவுக்குப் பண்ணிக் குடுத்தேன், 'புள்ள வரல'ன்னு சொன்னா அன்னிக்கு லீவுன்னு குறிச்சிக்கும். மழை நாள், வழியில டயர் பஞ்சர், வேன் லேட்டு. சாயங்காலம் ஒரு அம்மா வாய்ஸ் போட்டிருக்காங்க, 'அக்கா புள்ள இன்னும் வரல'. 'சரிங்க, இன்னிக்கு லீவு'ன்னு பாட் பதில் போட்டிருக்கு. புள்ளைங்க வேன்ல பத்திரமா இருந்துச்சுங்க, ஆனா வேன் வந்து நிக்கிற வரைக்கும் அந்தம்மா லயத்து வீட்டு வாசல்லயே மழையில நின்னிருக்காங்க.

சொல்லு அதேதான், மணிதான் வேற. இப்ப மத்தியானத்துக்கு மேல 'வரல'ன்னு வந்தா லீவுன்னு எடுக்காது, அக்காவுக்கு நேரா கால் போகும்.

சிப்புட் பையன், உங்களுக்கு வாய்ஸ் வந்தா எப்படி எடுக்கறீங்க? பேச்ச எழுத்தாக்குற விஸ்பர் மொதல் 30 செகண்ட கேட்டு ஒரே மொழின்னு முடிவு பண்ணிருது, மலாய்ல ஆரம்பிச்சு தமிழ்ல முடிக்கிறவங்களோட வாய்ஸ் எல்லாம் எனக்கு அர்த்தமே இல்லாம வருது.