அமெரிக்க வீட்டுரிமையாளர் சங்க வேலை: மூன்று மாநிலத்துக்கும் ஒரே கடித மாதிரி சரிவருமா?

உப்புவெளி_டெஸ்க்:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில இருந்து ஒன்லைனில அமெரிக்க முகாமை நிறுவனம் ஒன்றுக்கு அலுவலக வேலை செய்யிறம். வீட்டுக்காரரிட்டச் சந்தா வாங்கிக் குடியிருப்பைப் பராமரிக்கிற சங்கங்களைத்தான் அந்த நிறுவனம் முகாமை செய்யுது. வீட்டுக்காரருக்குப் போற கடிதங்களைத் தயாரிக்கிறது, வந்த காசை ஏட்டில பதியிறது, ஆவணம் கேட்டு வாற மெயிலுக்குக் கோப்பு எடுத்துக் குடுக்கிறது, இவ்வளவுதான். இதுவரைக்கும் புளோரிடா மட்டும். அடுத்த மாசம் டெக்சாஸ், கலிபோர்னியா சங்கங்களும் வருது. கேள்வி மூன்று. இருக்கிற கடித மாதிரியில மாநிலப் பெயரை மட்டும் மாத்தினால் காணுமா? காசு பதியிற ஒழுங்கு மென்பொருளில எல்லாச் சங்கத்துக்கும் ஒரே செட்டிங்கில கிடக்கு, அதை அப்பிடியே விடலாமா? '10 வேலை நாள்' எண்டால் எங்கட போயா (பௌர்ணமி) லீவைக் கழிக்கலாமா?

கோட்டடி_மான்:
மூன்றுக்கும் இல்லை எண்டதுதான் பதில் தம்பி.

மாநிலத்தைப் பார்க்க முதல் சங்கம் என்ன வகை எண்டு பாருங்கோ: தனி வீட்டுக் குடியிருப்பா, தொடர்மாடியா? புளோரிடாவில தொடர்மாடிக்கு மாநிலச் சட்டத்தின் 718ஆம் அத்தியாயம், தனி வீட்டுச் சங்கத்துக்கு 720. டெக்சாஸில தனி வீட்டுக்குச் சொத்துச் சட்டக்கோவையின் 209ஆம் அத்தியாயம். தொடர்மாடி எண்டால் 1994 ஜனவரி 1இல இருந்து உருவானதுக்கு 82, அதுக்கு முந்தினதுக்கு அடிப்படை 81. கலிபோர்னியா இரண்டையும் ஒரே சட்டத்துக்குள்ள வச்சிருக்கு: டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம், குடியியல் சட்டக்கோவை 4000ஆம் பிரிவில தொடங்குது. எங்கட நாட்டில தொடர்மாடிக்கான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் ஒண்டுதான். அந்தப் பழக்கத்தில அங்க கை வச்சால் சறுக்கும். பெயரையும் நம்ப வேண்டாம். 'டவுன்ஹோம்ஸ்' எண்டு பலகை போட்ட இடம் பதிவில தொடர்மாடியா இருக்கலாம். கவுண்டியில (அங்கத்தைய மாவட்டம் மாதிரி) பதிஞ்ச டிக்ளரேஷனின், அதாவது சங்கத்தை உருவாக்கின மூலப் பத்திரத்தின், முதல் பக்கங்களில எந்தச் சட்டத்தின் கீழ் உருவானது எண்டு கிடக்கும். அதைப் பார்த்துச் சங்கத்தின் கோப்பில முதல் வரியா எழுதி வையுங்கோ.

காசு பதியிறதுதான் பெரிய வில்லங்கம். ஒருவர் சந்தா 200 டொலர், தாமதக் கட்டணம் 25, சட்டத்தரணிச் செலவு 100, தண்டம் 50 கட்ட வேணும் எண்டு வையுங்கோ. அவர் 200 டொலர் அனுப்புறார்.

புளோரிடாவில முதல் வட்டி, பிறகு தாமதக் கட்டணம், பிறகு வசூல் செலவும் சட்டத்தரணிச் செலவும், கடைசியாத்தான் சந்தா. காசோலையில 'சந்தாவுக்கு மட்டும்' எண்டு எழுதி அனுப்பினாலும் இந்த ஒழுங்குதான். ஆக 25, 100 போக 75 மட்டும் சந்தாவுக்கு. 125 டொலர் சந்தா இன்னும் நிலுவை. கலிபோர்னியாவில இது தலைகீழ். சந்தா முழுக்கத் தீர்ந்த பிறகுதான் மற்றச் செலவு, அதால 200உம் சந்தாவுக்கே போகும். டெக்சாஸில (209) பிந்தின சந்தா, நடப்புச் சந்தா, சந்தா வசூல் சம்பந்தமான சட்டத்தரணிச் செலவு, மற்றச் சட்டத்தரணிச் செலவு, அதுக்குப் பிறகு தண்டம், மிச்சம் கடைசி. தவணைத் திட்டத்தை மீறினவருக்கு இந்த ஒழுங்கு கட்டாயமில்லை, ஆனால் அப்பவும் தண்டத்தை முன்னுக்குக் கொண்டு வரேலாது.

இப்ப புளோரிடா செட்டிங்கைக் கலிபோர்னியாவில விட்டால் என்ன நடக்கும்? அங்க சந்தா நிலுவை 1,800 டொலரை எட்டினால் அல்லது 12 மாசம் கடந்தால்தான் வீட்டை ஏலத்துக்குக் கொண்டு போகலாம். அந்த 1,800இல தாமதக் கட்டணம், வட்டி, சட்டத்தரணிச் செலவு ஒண்டும் சேராது. கட்டின காசு செலவுக்குப் போய்ச் சேர்ந்தால் சந்தா நிலுவை பொய்யா ஊதும். ஏடு பார்க்க ஒழுங்காத்தான் இருக்கும், வழக்கு வரும்போதுதான் தெரியும். ஆகவே சங்கத்துக்குச் சங்கம் செட்டிங் வேற. தண்டத்துக்குச் சந்தாவோட கலக்காத தனி ஏடு.

கின்னியாப்_பாலம்:
மேலே சொன்னது சரி. தண்டக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஒரே மாதிரிக் கடிதம் அதிகம் உடைவது அங்கேதான்.

புளோரிடா 720: தண்டத்தை நிர்வாக சபை விதிக்கலாம், ஆனால் தனிக் குழு ஏற்காமல் அது செல்லாது. குழுவில் குறைந்தது 3 பேர். அவர்கள் சபை உறுப்பினரோ ஊழியரோ அவர்களின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை, சகோதரரோ ஆக இருக்கக்கூடாது. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் அறிவித்தல் வேண்டும். ஒரு மீறலுக்கு 100 டொலர். தொடர் மீறலுக்கு நாளுக்கு 100 ஆகி, சங்க ஆவணம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் 1,000 உடன் நிற்கும். 1,000க்குக் குறைந்த தண்டத்துக்கு லீன், அதாவது வீட்டின்மீதான பற்றுரிமை, போட முடியாது. தொடர்மாடியில் (718) எவ்வளவு தண்டம் ஆனாலும் லீன் இல்லை. குப்பைத் தொட்டி முறைப்பாடு வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள்: குப்பை எடுக்கும் நாளுக்கு முன் 24 மணி, பின் 24 மணிக்குள் தொட்டி வெளியே நின்றதற்குத் தண்டம் போட 2024இல் வந்த திருத்தம் விடாது.

டெக்சாஸ் 209: அனுப்பியதற்குச் சான்று தரும் தபாலில்தான் கடிதம் போக வேண்டும், வெறும் மெயில் போதாது. மீறல் என்ன, தொகை எவ்வளவு, திருத்தக்கூடியது என்றால் திருத்த எவ்வளவு அவகாசம், 30 நாளுக்குள் விசாரணை கேட்கலாம் என்ற வரி, படைவீரருக்கான சட்டப் பாதுகாப்பைப் பற்றிய வரி, எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரிதான் அடிக்கடி விடுபடும். வீட்டுக்காரர் விசாரணை கேட்டால் சங்கம் கையில் வைத்திருக்கும் படம், கடிதம் எல்லாவற்றையும் விசாரணைக்கு 10 நாள் முன்னதாக அவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 15 நாள் ஒத்திவைப்பு அவருடைய உரிமை. அந்தப் பொதியைக் கட்டும் வேலை உங்கள் மேசைக்குத்தான் வரும்.

கலிபோர்னியா: தண்டத்தைத் தீர்மானிக்கும் சபைக் கூட்டத்துக்கு 10 நாள் அறிவித்தல். 2025 நடுப்பகுதியிலிருந்து ஒரு மீறலுக்கு உச்சம் 100 டொலர். உடல்நலம், பாதுகாப்புக்குக் கேடு என்று சபை திறந்த கூட்டத்தில் பதிவு செய்தால்தான் அதற்கு மேல். கூட்டத்துக்கு முன் மீறலைத் திருத்திவிட்டால் தண்டம் இல்லை. பழைய தண்டப் பட்டியலை இணைத்து அனுப்பிவிடாதீர்கள்.

கன்னியா_ஏழுகிணறு:
நாள் கணக்கு: போயா, தைப்பொங்கல், சித்திரை வருசம் ஒண்டும் கழியாது. அங்கத்தைய லீவுதான் கணக்கு. புளோரிடாவில ஆவணக் கோரிக்கை கிடைச்சு 10 வேலை நாள் தாண்டினால், 11ஆம் வேலை நாளில இருந்து நாளுக்கு 50 டொலர், உச்சம் 10 நாள். டெக்சாஸிலயும் 10 வேலை நாள்தான். முடியாட்டி அதுக்குள்ள எழுத்தில அறிவிச்சு மேலும் 15 வேலை நாளுக்குள்ள ஒரு திகதி குடுக்க வேணும். கலிபோர்னியாவில நடப்பு நிதியாண்டு ஆவணத்துக்கு 10 வேலை நாள், அதுக்கு முந்தின இரண்டு ஆண்டுக்கு 30 நாட்காட்டி நாள்.

இன்னொண்டு, கொம்பியூட்டர் திகதி. இங்க காலமை 8 மணி எண்டால் கோடையில மயாமியில முதல் நாள் இரவு 10.30, ஹூஸ்டனில 9.30. கடிதத்தில தானா விழுற திகதி ஒரு நாள் கூடிப் போகும். டெக்சாஸின் 30 நாள் தபாலில போட்ட நாளில இருந்து ஓடும், கடிதத் திகதியில இருந்து இல்லை. வேலை செய்யிற கணக்கை அந்த மாநில நேரத்துக்கு மாத்தி வையுங்கோ.

உப்புவெளி_டெஸ்க்:
நன்றி அண்ணை, நன்றி நானா. செட்டிங்கை இண்டைக்கே பிரிக்கிறம். ஒரு சந்தேகம்: புளோரிடா லீன் பத்திரத்தையும் எங்களையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கினம். செய்யலாமா?

கோட்டடி_மான்:
வேண்டாம். லீன் பத்திரம் எழுதுறது சட்டத்தரணி வேலை எண்டு புளோரிடா உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிப்போட்டுது. அனுமதிப்பத்திரம் உள்ள முகாமையாளரே எழுதக்கூடாத பத்திரத்தை நீங்கள் எப்பிடி எழுதுறது? 10 அலகுக்கு மேல் அல்லது ஆண்டு வரவுசெலவு 100,000 டொலருக்கு மேல் உள்ள சங்கத்துக்கு அங்க அனுமதிப்பத்திரம் உள்ள முகாமையாளர் வேணும்; அவரின் நேரடி மேற்பார்வையில எழுதுவினைஞர் வேலை செய்ய உங்களுக்குத் தடையில்லை. நிலுவைக் கணக்கையும் 45 நாள் முன்னறிவித்தல் போன தபால் சான்றையும் ஒரு கோப்பாக்கிச் சங்கத்தின் சட்டத்தரணிக்கு அனுப்புங்கோ, மிச்சம் அவர் பார்ப்பார்.