ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் புரியவைக்க உதவி வேண்டும்

வணக்கம். தக்கலைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. பரிசோதனைச் சீட்டை நாலாக மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 118, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210, பிரஷர் 140/90. "எல்லாம் கூடுதல்னு சொன்னாவ" என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு ஆடியோவைக் கேட்டு, பிரஷர் மாத்திரையை ஒன்பது நாள் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பெரிய பயம்.

இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று சரியில்லை என்றால் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் ஆபத்தைக் கூட்டும் நிலை. இடுப்புக்கு நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. தையல் டேப்பால் அளந்தேன், 94. "வயிறு பெருத்ததுக்கும் ரத்தத்துக்கும் என்ன மக்களே சம்பந்தம்?" என்று கேட்டார். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது என்றேன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, புரியவில்லை.

கிடைக்கிற நோட்டீஸ் எல்லாம் ஓட்ஸ், சப்பாத்தி என்கின்றன. எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும்தான். கிழங்கு எத்தனை துண்டு, அன்றைக்குச் சோற்றை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று யாராவது நம் பேச்சில் எழுதியிருக்கிறீர்களா?

தெருவில் இப்படி ஏழெட்டு அம்மாமார் இருக்கிறார்கள். குழுவில் உள்ள டாக்டர், நர்ஸ், உணவியல் படித்தவர்கள் யாராவது ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து அவரவர் சீட்டை வைத்தே விளக்க முடியுமா? பெரிய எழுத்தில் அச்சடிக்கும் செலவு என்னுடையது. வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.