இடுப்பு வட்டு (டிஸ்க்) விலகல்: ஆறு வாரத்துக்குப் பின் புதுப்பிப்பு
கோத்தகிரியில் தேயிலை மூட்டையைத் தூக்கியபோது இடுப்பு பிடித்து, வலி இடது கால் பெருவிரல்வரை இறங்கியதால், கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும்) சிகிச்சைக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

போனேன். முதல் நாள் சிகிச்சையாளர் முதுகை அழுத்தவே இல்லை. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலை மெல்ல உயர்த்த, ஏறக்குறைய 40 டிகிரியில் வலி கணுக்கால்வரை ஓடியது. பெருவிரலை மேலே மடக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தியபோது அது தளர்ந்ததால், ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்குவதாகக் கருதினார். எம்ஆர்ஐ படமும் அதையே உறுதிசெய்தது.

சொடக்கு எடுக்காமல், குப்புறப் படுக்கவைத்து மேசையில் கால்கள் இருக்கும் பகுதியை மெதுவாகத் தாழ்த்தி இழுக்கும் முறையையே கையாண்டார். இப்போது கால் 70 டிகிரிவரை உயர்கிறது. மேட்டுப்பாளையம் பேருந்தில் வளைவுகளைக் கடப்பதுதான் இன்னும் கடினம். இதே வலி உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைபட்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.