புளி போட்டுத் தேய்த்த சேவல்

பழையன_கழியேல்:
இன்னொரு இழையில் ‘செம்புச்சேவல்’ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தையில் பழைய செம்பு வெதர்வேன் (கூரை உச்சியில் காற்றின் திசை காட்டும் உருவம்) வாங்கினாராம். நாட்டுப்புறக் கலை என்று சேகரிப்பவர்கள் தேடி அலையும் பொருள். ஏதோ ஒரு கொட்டகைக் கூரையில் காற்றுக்குத் திரும்பித் திரும்பி நூறு வருடம் நின்ற சேவல். அதன் மேல் இருந்த பச்சையை “வெறும் களிம்பு” என்று புளி போட்டுத் தேய்த்துப் படமும் போட்டிருக்கிறார். பச்சைக்குக் காசு கொடுப்பவர்கள் ஏமாளிகளாம்! ஐயா, அது உங்கள் வீட்டுக் குத்துவிளக்கு இல்லை.

செம்புச்சேவல்:
சோறு இறங்கவில்லை என்றால் ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள். அதிலும் புளிதான். செம்புக் குடத்தில் பச்சை தெரிந்தால் எங்கள் பாட்டி வீட்டையே இரண்டாக்குவார். பாட்டிக்குத் தெரிந்தது ஏலக்காரனுக்குத் தெரியவில்லை.

பழையன_கழியேல்:
பாட்டி அந்தக் குடத்தில் தண்ணீர் பிடித்தார். நீங்கள் சேவலில் என்ன பிடிக்கப் போகிறீர்கள்? 2006-இல் சதபீஸ் ஏலத்தில் செவ்விந்தியத் தலைவர் உருவம் கொண்ட செம்பு வெதர்வேன் ஒன்று 58 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதை யாராவது புளியில் ஊறப்போட்டார்களா?

குறுக்குக்கேள்வி:
ஒரு சந்தேகம். இவையெல்லாம் தொழிற்சாலைச் சரக்குதானே? வால்தம் ஊரில் குஷிங் அண்ட் ஒயிட் கம்பெனி 1867 முதல் இரும்பு அச்சில் தகட்டை அடித்து, இரண்டு பாதியையும் பற்றவைத்து விற்றது. விலைப்பட்டியல் பார்த்து வாங்கிய பொருள் எப்படி நாட்டுப்புறக் கலை ஆகும்?

செம்புச்சேவல்:
அது கிடக்கட்டும். இவரையே கேட்கிறேன்: செய்தபோது பச்சையாகவா செய்தார்கள்? பாஸ்டனில் ஃபேனுவில் ஹால் என்ற பழைய மண்டபத்தின் உச்சியில் 1742-இல் ஷெம் டிரௌன் செய்த வெட்டுக்கிளி நிற்கிறது. போய்ப் பாருங்கள், தங்கமாய் மின்னுகிறது. செய்தவன் பளபளப்பாகச் செய்தான். நானும் பளபளப்பாக்கினேன்.

பழையன_கழியேல்:
வந்தீர்களா வழிக்கு! அது தங்க ரேக்கு ஒட்டியது. உங்கள் சேவலும் கடையிலிருந்து வந்தபோது பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். இறகு மடிப்பிலும் கொண்டை இடுக்கிலும் பழைய ரேக்கின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குபவன் லென்ஸ் வைத்துத் தேடுவதே அதைத்தான். ரேக்குப் போய், செம்பு கறுத்து, பச்சை ஏறி, ஒவ்வொன்றும் ஒரு அடுக்கு. நீங்கள் எல்லாவற்றையும் தேங்காய் நாரால் வழித்துவிட்டு வெறும் செம்பைக் காட்டுகிறீர்கள். செய்தவன்கூட அதை அப்படிப் பார்த்தது பட்டறையில் மட்டும்தான்.

செம்புச்சேவல்:
தேங்காய் நார் என்று நான் சொல்லவே இல்லை. ஸ்காட்ச் பிரைட்.

பழையன_கழியேல்:
ஐயோ.

நியூஜெர்சி_மாமா:
சண்டை வேண்டாமே. சுதந்திர தேவி சிலையும் செம்புத் தகடுதான். 1886-இல் நிறுத்தியபோது பச்சை கிடையாது. 1906-இல் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஜனங்களே கூச்சல் போட்டு நிறுத்தினார்கள். அந்தப் பச்சைதான் உள்ளே இருக்கும் செம்பைக் காக்கிறது.

செம்புச்சேவல்:
மாமா, சுதந்திர தேவி மழையில் நிற்கிறாள். என் சேவல் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு எதற்குப் பாதுகாப்பு?

நியூஜெர்சி_மாமா:
பேச்சுக்குச் சொன்னேன். போன தடவையும் நான் எது சொன்னாலும் இப்படித்தான் எரிந்து விழுந்தீர்கள்.

பழையன_கழியேல்:
மாமா, விடுங்கள். செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியது ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும். இவர் செம்புக் களிம்பை மட்டும் எடுத்துவிட்டார். மற்றது அப்படியே இருக்கிறது.

செம்புச்சேவல்:
சித்தாந்தம் பேசுகிறவர் போன வருடம் இங்கே ஒரு மர வாத்து (நிஜ வாத்துகளை ஏமாற்றி இழுக்க வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்க விடுவது) காட்டினாரே, நினைவிருக்கிறதா? “டெட்ராய்ட் மேசன் வாத்து, கண்ணாடிக் கண், அசல் பெயின்ட்” என்று ஒரு வாரம் தம்பட்டம். மேசன் கம்பெனி 1924-இல் மூடியாயிற்று. அந்த வாத்தின் கழுத்துக்கு அடியில் இருந்தது ஸ்டார் ஸ்க்ரூ. அது சந்தைக்கு வந்ததே 1930-களில்தான்!

பழையன_கழியேல்:
அது பிற்பாடு யாரோ வேட்டைக்காரன் பழுது பார்த்தது. நூறு முறை சொல்லிவிட்டேன். பழுது பார்ப்பதும் பொருளின் வரலாறுதான்.

செம்புச்சேவல்:
அவன் ஸ்க்ரூ போட்டால் வரலாறு, நான் புளி போட்டால் பாவமா?

குறுக்குக்கேள்வி:
என் கேள்வியை யாரும் கண்டுகொள்ளவில்லை. மேசனும் தொழிற்சாலைதானே? தொழிற்சாலையில் செய்தது நாட்டுப்புறக் கலையா, இல்லையா?

பழையன_கழியேல்:
தம்பி, நடுவில் வராதீர்கள். புளியில் இருப்பது அமிலம். பச்சையைக் கரைக்கும், கறுப்பையும் கரைக்கும். உங்கள் பளபளப்பு எத்தனை நாள் நிற்கும்? கொஞ்ச நாளில் பழுப்பாகும். மறுபடி புளி. மறுபடி தேய்ப்பு. தகடு ஏற்கெனவே மெல்லிசு. கொஞ்ச காலத்தில் கொண்டை மழுங்கி, சேவல் புறாவாகிவிடும்.

செம்புச்சேவல்:
புறாவானால் புறா என்று விற்றுக்கொள்கிறேன். அடுத்த வாரம் வால்தம் குதிரை ஒன்று வருகிறது. வாலில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை, உடம்பெல்லாம் பச்சை. அரைக் கிலோ புளி வாங்கியாயிற்று.

பழையன_கழியேல்:
குண்டு ஓட்டையா? அசலா? என்ன விலை? தொடுவதற்கு முன் தனிச்செய்தியில் படம் அனுப்புங்கள்.

செம்புச்சேவல்:
எதற்கு? பச்சைக்குக் காசு கொடுக்கவா?

பழையன_கழியேல்:
கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

செம்புச்சேவல்:
முதலில் நீங்கள் அந்த ஸ்டார் ஸ்க்ரூவுக்குப் பதில் சொல்லுங்கள்.