டோன்ஆர்ம் பேலன்ஸும் பத்தர் தராசும்: நம்ம வேலூர் பக்கத்து அனுபவம் இருந்தா சொல்லுங்கப்பா

காட்பாடி:
சத்துவாச்சாரில தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வீட்ல பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் (ரெக்கார்டு ப்ளேயர்) கீது, ஊசி குதிக்குதுன்னு கூப்ட்ட ரிப்பேர்காரர் ஹெட்ஷெல் (ஊசி மாட்டற முனை) மேல ஒரு பழைய 25 காசை வெச்சி டேப் ஒட்டிட்டு போயிருக்காரு. "இப்ப குதிக்கல தம்பி, ஆனா சத்தம் மந்தமா வருது"ன்னாரு. வராம இன்னா பண்ணும், அந்த காசே ரெண்டரை கிராம், மாட்டியிருக்கறது ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கற சின்ன டப்பா), அதுக்கு ஊசி தட்டை அழுத்தற எடை மொத்தமே 1.8 கிராம் தான் வேணும்.

காசை பிச்சி எடுத்துட்டு டோன்ஆர்ம் (ஊசிய தாங்கற கை) பேலன்ஸை முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். ஆன்ட்டி ஸ்கேட்டிங் (ஆர்ம் நடுப்பக்கம் இழுபடாம புடிக்கற செட்டிங்) 0, ஊசி மூடிய கழட்டியாச்சு, ஆர்மை தூக்கற லீவரை இறக்கி ஆர்மை தட்டுக்கு வெளிய விட்டுட்டு பின்னாடி குண்டை கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா மேலயும் ஏறாம கீழயும் சாயாம மட்டமா மிதக்கற எடம் ஒண்ணு வரும். அங்க குண்டை அசையாம புடிச்சிக்கிட்டு நம்பர் போட்ட வளையத்தை மட்டும் 0க்கு கொண்டாந்து, அப்புறம் குண்டும் வளையமும் சேந்து திரும்பற மாதிரி 1.8 வரைக்கும் போகணும், இவ்ளோ தான் வேலையே.

இதெல்லாம் பண்ணியும் சவுண்டு எனக்கு திருப்தியா இல்ல. டார்ச் அடிச்சி பாத்தா குண்டு நேரா நிக்காம பின்னாடி லேசா தொங்குது, உள்ள இருக்கற ரப்பர் வயசாகி தளந்துபோச்சு. அப்படி ஆயிட்டா வளையத்துல இருக்கற நம்பரை நம்பவே கூடாது. லாங்கு பஜார்ல பழக்கமான பத்தர்கிட்ட சின்ன டிஜிட்டல் தராசு கேட்டு வாங்கிட்டு வந்தேன் ("தங்கம் எவ்ளோ"ன்னாரு, ஊசின்னதும் ஒரு மாதிரி பாத்தாரு). சுத்தற தட்டு மேல விரிச்சிருக்கற மேட்டை எடுத்துட்டு, தராசை அங்க வெச்சி, ஊசி ஏறக்கொறைய தட்டு உயரத்துலயே உக்கார்ற மாதிரி பாத்தா வளையம் 1.8ங்குது, தராசு 2.31 காட்டுது! அந்த கார்ட்ரிட்ஜுக்கு 2.0 தாண்டக்கூடாது. தராசை பாத்தே 1.8க்கு இறக்கிட்டு ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் அதே நம்பருக்கு வெச்சேன்.

டெஸ்ட்டுக்கு சுசீலா அம்மா எல்பி தான், "ச" வர்ற எடமெல்லாம் முன்னாடி சீறிக்கிட்டு இருந்தது சுத்தமா அடங்கிடுச்சு. குதிக்கவும் இல்ல. குதிச்சதுக்கு காரணம் எடை கம்மின்னு யார் சொன்னது, ஊசி நுனில பஞ்சு மாதிரி தூசி திரண்டு கெடந்தது, பிரஷ்ஷால பின்னாடிலேர்ந்து முன்னாடி ஒரு இழுப்பு, அவ்ளோ தான்.

ராணிப்பேட்டை:
அண்ணா, பத்தர் தராசு வாங்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், தட்டு இரும்பா இருந்தா எம்சி (மூவிங் காயில்) வகை கார்ட்ரிட்ஜ்ல இருக்கற காந்தம் அதை இழுத்து நம்பர் தாறுமாறா வரும். நான் தராசு மேல மரத்துண்டு ஒண்ணு வெச்சி டேர் அடிச்சி (நம்பரை 0 ஆக்கி) அதுமேல ஊசிய இறக்கறேன், ஆனா உயரம் ரொம்ப ஏறிடக்கூடாது.

அப்புறம் என்கிட்ட ஒரு எல்பி வலது ஸ்பீக்கர்ல மட்டும் கரகரன்னுச்சு, ஆம்ப்ளிஃபயர் தான் போச்சுன்னு எங்க நைனா கடைக்கு தூக்கிட்டு கெளம்பிட்டாரு. ஆன்ட்டி ஸ்கேட்டிங் 0லயே இருந்திருக்கு. ஆர்ம் தானா நடுப்பக்கம் இழுபடும், அப்ப ஊசி பள்ளத்தோட உள்சுவர்ல சாஞ்சிடும், வலது சேனல் இருக்கற வெளிச்சுவர்ல பிடிப்பு கொறைஞ்சி கரகரப்பு வரும். சரியா வெச்சதும் முக்காவாசி போயிடுச்சு, மீதி ஏற்கனவே தேஞ்ச பள்ளம், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

குடியாத்தம்:
எங்க தாத்தாவோட பெட்டி மாடல் ப்ளேயர்ல பின்னாடி குண்டே இல்லீங்களே, எப்படி பேலன்ஸ் பண்றது? நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய தட்டும் ஒரு கட்டு இருக்கு.

காட்பாடி:
அது செராமிக் கார்ட்ரிட்ஜா இருக்கும்பா, 2எம் ரெட் மாதிரி எம்எம் (மூவிங் மேக்னட்) வகை போல ரெண்டு கிராம்ல ஓடாது, அதிக எடை கேக்கும், அதுல கைய வெக்காத. நல்ல எல்பிய அதுல போடாம இருந்தா போதும். 78க்கு ஊசியே வேற, எல்பி ஊசி நுனி 0.7 மில் (ஒரு மில்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 78க்கு 3 மில் கிட்ட வேணும், கார்ட்ரிட்ஜ் பக்கத்துல திருப்பற குமிழ் இருக்கான்னு பாரு, இருந்தா 78னு எழுதியிருக்கற பக்கம் திருப்பிட்டு போடு.