வினைல் சைடிங்கை மாத்தணும்: திரும்ப வினைலா, ஃபைபர் சிமெண்டா?

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டாவில் மரச்சட்ட வீடு, வெளிச்சுவரை மூடியிருப்பது வினைல் (பிளாஸ்டிக்) சைடிங் பலகைகள். மேற்குச் சுவரில் ஆலங்கட்டி பட்ட ஓட்டைகள், தெற்கில் சைடிங் அலை அலையாய் நெளிஞ்சிருக்கு. எதைப் போடலாம்?

பதில் 1: நெளிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஆணியை இறுக்கி அடித்ததுதான். வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆணி நீள்துளையின் நடுவில் இருக்கணும்; அதன் தலைக்கும் வினைலுக்கும் நடுவே 1/32 அங்குல இடைவெளி. முனைகளில் கால் அங்குலம், உறைகுளிரில் அடித்தால் 3/8. பலகையை இடவலமா இழுத்துப் பாருங்க, நகரலைன்னா அதான் கோளாறு. எதிர்வீட்டு லோ-ஈ ஜன்னல் (வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள கண்ணாடி) வெயிலைத் திருப்பி அடித்தாலும் வினைல் உருகி நெளியும். அப்படின்னா அந்தச் சுவருக்கு வினைலே வேண்டாம்.

பதில் 2: ஃபைபர் சிமெண்ட் (நார் கலந்த சிமெண்ட் பலகை) உருகாது, எரியாது. கனம் அதிகம், வெட்டினால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசி. தரையிலிருந்து 6 அங்குலம், கூரையிலிருந்து 2 அங்குலம் விடணும். இல்லைன்னா அடிமுனை ஈரம் குடித்து உப்பும். வெட்டிய முனைக்குப் பெயிண்ட் அடிக்காம விடுறது வழக்கமான சோம்பேறித்தனம், கூடவே நின்னு பாருங்க.

பதில் 1 (மீண்டும்): எதைப் போட்டாலும் தண்ணீரைத் தடுப்பது பின்னாடி சுவரைச் சுற்றி இருக்கும் நீர்த்தடுப்பு உறையான ஹவுஸ்ராப்தான். ஜன்னலுக்கு ஃபிளாஷிங் டேப் (தண்ணீர் புகாம ஒட்டும் பட்டை) முதலில் கீழே, பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே. பழசை உரித்ததும் ஜன்னலின் கீழ்மூலைகளில் ஓஎஸ்பி பலகையை (மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த சுவர்ப் பலகை) ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினா மாத்தணும். அப்படி மாத்த ஒரு ஓஎஸ்பி ஷீட்டுக்கு என்ன விலைன்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிடுங்க.