கிரியேட்டினின் நார்மல்னு சொன்னாங்க, ஆனா கிட்னி? உங்க வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்க

செம்பனைக்காட்டுப் பொண்ணு:

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா சின்ன வயதிலிருந்தே பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், இப்போது 65, இனிப்பு நீருக்கும் (சர்க்கரை நோய்) பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) ரத்தம் எடுத்த தாளை இந்தத் தடவை நானே வாங்கிப் படித்தேன். கிரியேட்டினின் 100 மைக்ரோமோல். அதே சமயம் அக்கா மகன் வேலைக்காக மெடிக்கல் செக்கப் போய் வந்தான், 25 வயது, ஜிம்மே கதி என்று இருப்பவன், அவனுக்கும் 100. ஒரே எண்தானே, அப்போ ரெண்டு பேருக்கும் கிட்னி ஒரே மாதிரிதான் என்று வீட்டில் பேச்சு. ஆனால் கீழ் வரியில் ஈஜிஎஃப்ஆர் என்று இருந்தது, பையனுக்கு 90, அம்மாவுக்கு 51!

அங்கிருந்த எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்) தம்பி பொறுமையாக விளக்கினார். அம்மாவின் முன்கையை மெல்லப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிரியேட்டினின் சதையிலிருந்து வர்ற கழிவு அக்கா, சதை நிறைய இருக்கிற பையனுக்கு 100 சரி, இவ்வளவு மெலிஞ்ச உடம்புக்கு அது அதிகம்" என்றார். கிட்னி ஒழுங்காக வெளியே தள்ளினால்தான் ரத்தத்தில் அது குறைவாக நிற்கும். அதனால் அந்த எண்ணோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, நிமிஷத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் வடிகட்டுகிறது என்று கணக்கிடுகிறார்கள், அதுதான் ஈஜிஎஃப்ஆர். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட கிட்னி நோய் என்பார்களாம், ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். அம்மாவுக்கு மறுபடி எடுத்தார்கள், எண் பெரிதாக மாறவில்லை.

எங்கள் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நல்லாத்தானே ஒன்னுக்குப் போகுது, அப்புறம் எப்படி கிட்னி கெட்டுச்சு?" இதைத்தான் நம் ஆட்கள் எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் அந்தத் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு கிட்னிக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது குட்டிக் குட்டி வடிகட்டிகள். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இந்த ரெண்டு கிட்னிக்கும் போகிறது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று, அதுதான் குளோமருலஸ். தோட்டத்து ஸ்டோரில் பாலைச் சல்லடையில் ஊற்றும்போது மரப்பட்டையும் ஒட்டுப்பாலும் மேலே நின்று நல்ல பால் கீழே இறங்கும் இல்லையா, கிட்னியில் அது தலைகீழ். ரத்த அணுக்களும் அல்புமின் என்ற புரதமும் மேலேயே நின்றுவிடும், தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கலந்து கீழே இறங்கும், பிறகு நுண்குழாய்கள் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நல்ல கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி எடுத்து, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. 51 என்றால் நாளைக்கு 70 லிட்டர் சொச்சம்தான் வடிகிறது. ஆனாலும் குடிக்கும் தண்ணீருக்கு ஏற்ற சிறுநீர் அதே ஒன்றரை லிட்டர் வரும். அளவைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, வலியும் இருக்காது.

சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்றும் பார்த்தார்கள். காலைச் சிறுநீரில் அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டு ஒரு விகிதம், 3-க்குக் கீழே இருக்க வேண்டும், அம்மாவுக்கு 12. வடிகட்டியில் ஓட்டை விழ ஆரம்பித்ததற்கு இதுதான் முன்கூட்டியே கிடைக்கும் அடையாளமாம், ஈஜிஎஃப்ஆர் நன்றாக இருக்கும்போதே இது ஏறலாம். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் இருப்பவர்களுக்கு இந்தச் சிறுநீர் சோதனை எடுத்தார்களா? தயவு செய்து கேட்டுப் பாருங்கள்.

தாப்பா தம்பி:

அக்கா, எங்கள் அப்பாவுக்கு ஈஜிஎஃப்ஆர் 9. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக்குழாய் ரெண்டை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அதன் மேல் விரலை வைத்தால் குறுகுறுவென்று அதிரும், காலையில் எழுந்ததும் அப்பா முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான், அதிர்வு நின்றால் உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க, ஊசி போட யாரையும் விடமாட்டார்.

அப்பாவுக்கு முட்டி வலி. டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் மாதிரி மாத்திரைகளை வருஷக்கணக்கில் போட்டார், எங்கள் லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கிட்னிக்குள் ரத்தம் போகிற குழாயை விரித்து வைக்கிற பொருளை இந்த மாத்திரைகள் தடுக்கும், அதனால் வடிகட்டும் வேகம் விழும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு இனிப்பு நீரும் இருந்தது, அதுதான் முக்கியக் காரணம் என்றார். இன்னொன்று, டயாலிசிஸ் ஆட்களுக்கு பெலிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்) வேண்டவே வேண்டாம், கெட்டுப்போன கிட்னியால் அதன் நஞ்சை வெளியேற்ற முடியாது, விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகும். வீட்டுப் பின்னால் காய்த்துக் குலுங்கினாலும் கொடுக்காதீர்கள்.

பழைய லேப் ஆள்:

ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தங்கச்சி எழுதியது சரி, ஒன்று சேர்க்கிறேன். சூத்திரத்துக்கு வயது தெரியும், சதை தெரியாது. ரொம்ப மெலிந்தவருக்கு ஈஜிஎஃப்ஆர் உள்ளதைவிட நல்லதாகக் காட்டும், ஜிம் பையனுக்குக் குறைத்துக் காட்டும். ஆகவே அம்மாவின் 51 உண்மையில் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கலாம். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தச் சோதனை உண்டு, அது சதையைப் பெரிதாக நம்பியிருக்காது, எல்லா இடத்திலும் செய்யமாட்டார்கள்.

அம்மாவுக்கு பெரிண்டோபிரில் மாதிரி பிரஷர் மாத்திரை கொடுத்தார்களா? அல்புமின் கசிவைக் குறைக்க அதைத்தான் கொடுப்பார்கள். ஆரம்பித்த முதல் சில வாரத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம், 30 விழுக்காடு வரை டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஏறிவிட்டது என்று பயந்து வீட்டில் தானாக நிறுத்திவிடாதீர்கள், தாளோடு போய்க் கேளுங்கள்.

செம்பனைக்காட்டுப் பொண்ணு:

ஆமாம் அண்ணே, அதேதான் கொடுத்தார்கள். 24 மணி நேரச் சிறுநீர் சேர்ப்பது என்கிறார்களே, அது எப்படி?

பழைய லேப் ஆள்:

காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதன்பின் ஒரு சொட்டு விடாமல் போத்தலில் சேர்த்து, மறுநாள் அதே மணிக்குப் போவதையும் ஊற்றி மூட வேண்டும். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கணக்கு சுலபம். ஒரு நாள் சிறுநீரில் 8000 மைக்ரோமோல் கிரியேட்டினின், ரத்தத்தில் லிட்டருக்கு 100 என்றால் 80 லிட்டர் ரத்தநீர் சுத்தமானதாக அர்த்தம், 1440 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 56 மில்லி லிட்டர். இதுவும் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், ஏனென்றால் நுண்குழாய்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கிரியேட்டினினைச் சிறுநீரில் சேர்க்கின்றன. நடுவில் ஒரு தடவை மறந்து கழிப்பறையில் போய்விட்டால் மறைக்காமல் லேப்பில் சொல்லிவிட வேண்டும், வேறு போத்தல் கொடுப்பார்கள்.